கொடையில் வளர்ந்த கழகமும் கடனில் வீழ்ந்த கூலியும்: சிறு கால்பந்துக் குழுக்களின் சரிவு சொல்லும் பாடம்

2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபத்தோர்டா அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை வீழ்த்தி, இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை ஹைதராபாத் எஃப்.சி. வென்றது. அடுத்த பருவத்தில் பட்டியலில் இரண்டாம் இடம். அதற்கடுத்த 2023-24 பருவத்தில் அதே கழகம் கடைசி இடத்தில் கிடந்தது. ஊதிய நிலுவைக்காக, புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை விதித்தது. வெளிநாட்டு வீரர்களும் முன்னணி இந்திய வீரர்களும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினர். எஞ்சிய இளைஞர்களே பருவத்தை முடித்து வைத்தனர். உரிமையாளர் மாறிய பின், 2025இல் கழகமே டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது.

வரவை மீறிச் செலவு செய்த கழகம் வீழ்வதில் வியப்பில்லை. அது விழும்போது யார்மீது விழுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. விளையாட்டுப் பக்கங்கள் இதனை நிருவாகக் கோளாறு என்று எழுதி முடித்துவிடுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைகளைப் பேசுவோர் இதனைக் கூலிச் சிக்கலாகவும் உடைமைச் சிக்கலாகவும் பார்க்க வேண்டியுள்ளது. ஏனெனில் கால்பந்தாட்டத்தில் உழைப்போர் பெரும்பாலும் நம் தெருக்களிலிருந்து செல்பவர்கள். சேரி என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் இளைஞர்கள் தாமாகக் கட்டியெழுப்பிய அமைப்பு என்று ஒன்று இருக்குமானால், பல ஊர்களில் அது விளையாட்டுக் குழுவே.

வீழ்ச்சியின் இயக்கம்

கழகமொன்றின் வரவு நான்கு வழிகளில் வரும்: நுழைவுச்சீட்டு, விளம்பரதாரர், ஒளிபரப்புப் பங்கு, வீரர்களை விற்பது. சிறு கழகத்திற்கு இவை நான்கும் மெலிந்தவை. செலவில் பெரும்பகுதி வீரர் ஊதியம். வெற்றி வேண்டுமெனில் நல்ல வீரர் வேண்டும். நல்ல வீரருக்குக் கூடுதல் ஊதியம் வேண்டும். வென்றால் வரவு பெருகும் என்ற நம்பிக்கையில் அந்த ஊதியம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்படுகிறது. வெற்றி உறுதியற்றது, ஒப்பந்தம் உறுதியானது. ஒரு லீக்கில் ஒரே அணிதான் முதலிடம் பெற முடியும். எல்லாக் கழகங்களும் முதலிடத்தை நம்பிச் செலவு செய்தால், ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் பற்றாக்குறையில் முடிவது கணக்கின் கட்டாயம்.

இந்தப் பற்றாக்குறையை ஒரு செல்வர் தம் கைப்பணத்தால் அடைக்கும் வரை கழகம் ஓடும். ஸ்காட்லாந்தின் எல்லையோரச் சிற்றூரான கிரெட்னாவின் கதை இதற்குத் தெளிவான சான்று. ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஊர் அது. புரூக்ஸ் மைல்சன் என்ற தொழிலதிபரின் பணத்தால் அவ்வூர்க் கழகம் 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தரம் உயர்ந்து, நாட்டின் முதல் நிலை லீக்கை எட்டியது. 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் ஆடியது. சொந்தத் திடல் முதல் நிலை லீக்கின் விதிகளுக்குப் போதாததால், தொலைவிலுள்ள மதர்வெல் நகரின் திடலை வாடகைக்கு எடுத்தது. ஓர் ஆட்டத்திற்கு வந்த பார்வையாளர் 431 பேர் மட்டுமே. 2008 தொடக்கத்தில் மைல்சன் நோயுற்றார், பணம் நின்றது. மார்ச்சில் கழகம் கடன் நிருவாகத்தின் கீழ் சென்றது. சில மாதங்களில் பணியாளர்கள் வேலையிழந்தனர். கழகம் லீக்கிலிருந்து விலகி மறைந்தது. ஒரு மனிதரின் உடல்நலமே ஓர் ஊரின் கழகத்திற்கு அடித்தளமாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரைத் தன் திடலாகக் கொண்டு, 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்கால் அணியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கழகம் 26 விழுக்காடு பங்கை எடுத்தது. தமிழ்க் கால்பந்தின் பொற்காலம் பிறந்துவிட்டது என்று பேசப்பட்டது. 2020-21 பருவத்திற்குப் பின் அக்கழகம் ஐ-லீக்கில் இல்லை. பட்டமோ, வெளிநாட்டுப் பங்காளியோ கழகத்தைக் காக்கவில்லை.

இந்தியக் கால்பந்தில் இது புதிதன்று. முதல் தேசிய லீக்கை 1996-97இல் வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணியை அதன் ஆலை நிறுவனம் 2011இல் மூடியது. புனே எஃப்.சி., பாரத் எஃப்.சி. ஆகியவை 2015இல் மூடப்பட்டன. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் வணிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில் போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி வீரர், ஊழியர் ஊதியங்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நாட்டின் முதல் நிலைக் கழகங்களுக்கே, உரிமையாளரின் விருப்பத்தைத் தாண்டி ஓரிரு மாத ஊதியத்தைத் தாங்கும் இருப்பு இல்லை என்பதை அது வெளிக்காட்டியது.

வியாசர்பாடியின் நெருக்கடியான தெருக்களிலிருந்து தேசிய அணி வரை வீரர்கள் சென்றுள்ளனர். அத்தகைய குடும்பங்களில் ஒரு வீரரின் மாத ஊதியம் வீட்டு வாடகை, தங்கையின் கல்லூரிக் கட்டணம், தந்தையின் ஆட்டோ தவணை. கழகத்தின் கணக்கேட்டில் "நிலுவை" என்று ஒரு வரியாகக் கிடப்பது அந்த வீட்டில் பட்டினியாகவும் வட்டியாகவும் மாறுகிறது.

திருவிடைமருதூர் வயல்வெளியில்

கோடிகளில் நடக்கும் இதே இயக்கம் காவிரிப் படுகையில் ஆயிரங்களில் நடக்கிறது. திருவிடைமருதூர், ஆடுதுறை, பந்தநல்லூர் வட்டாரங்களில் அறுவடை முடிந்த வயலிலோ பள்ளித் திடலிலோ ஆடும் எழுவர் கால்பந்துக் குழுவொன்றை எண்ணிப் பார்ப்போம். முப்பது உறுப்பினர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா. ஆண்டு வரவு 36,000 ரூபாய். ஒரு தொடர் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, உணவு எல்லாம் சேர்ந்து 10,000 ரூபாய் எனக் கொண்டால், தம் வீரர்களைக் கொண்டே ஆண்டுக்கு மூன்று போட்டிகள் ஆடலாம். கையில் 6,000 ரூபாய் மிஞ்சும்.

கோப்பை ஆசை வந்ததும் கணக்கு மாறுகிறது. போட்டிக்கு மூன்று வெளியூர் ஆட்டக்காரர், ஆளுக்கு 2,000 ரூபாய். போட்டி ஒன்றின் செலவு 16,000. ஆண்டுக்கு ஐந்து போட்டிகள் என்றால் 80,000. ஒருமுறை 20,000 ரூபாய் பரிசு வென்றாலும் பற்றாக்குறை 24,000 ரூபாய். அதனை மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஆண்டு வட்டி மட்டும் 14,400. அடுத்த ஆண்டுச் சந்தாவில் நூற்றுக்கு நாற்பது பங்கு, பந்து மைதானத்தைத் தொடுவதற்கு முன்பே வட்டிக்காரரிடம் போய்விடும். இதற்கிடையே வெளியூர் ஆட்டக்காரருக்காக ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட உள்ளூர் இளைஞர் சந்தா கட்டுவதையும் நிறுத்திவிடுகிறார்.

காலக் கணக்கும் எதிராகவே நிற்கிறது. பொங்கல் போட்டிகள் சனவரி நடுவில். சம்பா அறுவடைக் கூலி கைக்கு வருவது பெரும்பாலும் அதன் பிறகு. செலவு முந்துகிறது, வரவு பிந்துகிறது. இந்த இடைவெளியில்தான் புரவலர் நுழைகிறார். அவர் ஊர்ப் பெரிய மனிதராகவோ கட்சிப் பொறுப்பாளராகவோ ஒப்பந்ததாரராகவோ இருக்கலாம். சட்டையில் அவர் படம், பதாகையில் அவர் பெயர், தேர்தல் நாளில் அவர் பின்னால் அணி. அவர் மனம் மாறினால், அல்லது அணியினர் ஒரு வன்கொடுமை வழக்கில் அவருக்குப் பிடிக்காத பக்கம் நின்றால், குழு அன்றே அனாதை.

அப்போது கடன் யாருடையது? பதிவு செய்யப்படாத குழுவுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளுமை கிடையாது. கடன் சீட்டில் கையெழுத்திட்டவரே கடனாளி. அவர் பெரும்பாலும் அணித் தலைவர், இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர். கொடுமையான வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. ஆனால் அசல் அவர் தலையிலேயே நிற்கும். அவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போகிறார், குழு கலைகிறது.

சட்டம் யாரை முதலில் பார்க்கிறது?

இங்கிலாந்தில் கழகம் நொடித்துப்போனால் வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உரிய கடனை முழுமையாகத் தீர்க்க வேண்டும் என்பது லீக்கின் விதி. வரித்துறை அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2012இல் உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இதன் விளைவு, மற்றக் கடன்காரர்களுக்கு மிச்சம் மீதியே. 2010இல் போர்ட்ஸ்மத் கழகம் நொடித்தபோது கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனமும் இருந்தது. ஆட்டக்காரருக்குக் காப்பு உண்டு; அவர் காயத்திற்குக் கட்டுப்போட்டவருக்கு இல்லை.

நம் நாட்டில் ஆட்டக்காரருக்கும் சற்றே காப்பு உண்டு. இரண்டு மாத ஊதியம் நிலுவையில் இருந்தால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசத்திற்குப் பின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடமளிக்கிறது. புல் வெட்டுபவர், துணி துவைப்பவர், சமையற்காரர், கழிவறை தூய்மை செய்பவர் ஆகியோருக்கு ஃபிஃபா இல்லை. இப்பணிகளில் எந்தச் சாதியினர் நிறைந்திருக்கிறார்கள் என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிறுவனமாக உள்ள கழகம் கலைக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டம், தொழிலாளர்க்கு 24 மாத நிலுவை வரை பிணையுள்ள கடன்காரர்களோடு சமநிலை தருகிறது. ஆனால் அச்சட்டத்தின் கதவைத் தட்டவே குறைந்தது ஒரு கோடி ரூபாய் நிலுவை இருக்க வேண்டும். 2020 வரை ஒரு இலட்சமாக இருந்த வரம்பு அது. தனியொரு தூய்மைப் பணியாளரால் எட்ட முடியாத வாசல். தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காக இம்மனுவைத் தொடுக்கலாம் என 2019இல் உச்ச நீதிமன்றம் ஜே.கே. சணல் ஆலை வழக்கில் கூறியிருப்பதே ஒரே வழி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நிலுவை ஊதியத்திற்கான மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். பதிவு பெற்ற சங்கமும் தாக்கல் செய்யலாம். வேலைக்கு அமர்த்தியவர் தராவிட்டால் நிறுவனத்தின் உடைமையாளரே பொறுப்பு. இப்பிரிவுகளை நம் தோழர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும். சங்கமில்லாத இடத்தில் இச்சட்டங்கள் ஏட்டுச் சுரைக்காய்.

கொடை வேறு, கூலி வேறு

தஞ்சை மண்ணுக்கு இந்தப் பாடம் புதிதன்று. பண்ணையாரின் "இரக்கத்தில்" வாழ்ந்த பண்ணையாளுக்கு, நெல் அளப்பதும் நிறுத்துவதும் பண்ணையாரின் மனநிலையைப் பொறுத்ததாக இருந்தது. நீண்ட போராட்டத்தின் அழுத்தத்தால் வந்த 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், கூலியை வரையறுத்து, நினைத்தபோது வெளியேற்றுவதற்குத் தடை போட்டது. அதில் ஓட்டைகள் இருந்தன. ஆயினும் கொடையாக இருந்தது உரிமையாக மாறத் தொடங்கிய இடம் அது. செல்வர் ஒருவரின் மனநிலையில் ஊதியம் ஊசலாடும் கால்பந்துக் கழகம், 1952க்கு முந்தைய பண்ணையின் ஒழுங்கையே புது உடையில் நடத்துகிறது.

மாற்று வழிகள் கற்பனையல்ல. நொடித்த அதே போர்ட்ஸ்மத் கழகத்தை 2013இல் அதன் ஆதரவாளர் அறக்கட்டளை வாங்கி, நிமிர்த்தி, 2017இல் நான்காம் நிலை லீக்கை வெல்லும் அளவுக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதி உள்ளது. இங்கிலாந்து 2025இல் கால்பந்து நிருவாகச் சட்டம் இயற்றிச் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பை நிறுவியது.

நம் ஊர்க் குழுக்கள் இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். கணக்கில் ஐயம் எழுந்தால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் மனு கொடுத்துப் பதிவாளர் விசாரணையைக் கோரலாம். கடன் வாங்கும் முடிவைப் பொதுக்குழுவே எடுக்க வேண்டும், ஒரு கையெழுத்தில் கடன் கூடாது என விதி வகுக்கலாம். கூலி தர வேண்டிய பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிய பிறகே போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம். திடலும் பந்தும் புரவலரிடம் கேட்டுப் பெறும் பிச்சையல்ல. பொதுமக்கள் கூடும் இடங்களில் பாகுபாட்டை அரசமைப்பின் 15(2) உறுப்பு தடை செய்கிறது. 2024 முதல் ஊராட்சிகளுக்கு அரசு வழங்கும் விளையாட்டு உபகரணங்கள் எந்த அறையில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கிராம சபையில் கேட்கலாம். அடிப்படைத் தேவைகள் உரிமையாகக் கிடைத்தால் புரவலருக்கான தேவை குறையும். புரவலர் இல்லாதபோது ஊதாரிச் செலவும் குறையும்.

பெரிய கழகங்களில் ஆடும் நம் வீரர்களுக்கும், அங்கு உழைக்கும் நம் மக்களுக்கும் சங்கம் வேண்டும். சேரியில் ஆடும் குழுக்களுக்குக் கணக்கேடு வேண்டும். ஆண்டுக்கு மூன்று போட்டிகள் மட்டும் ஆடி, கடனின்றிப் பத்தாண்டு நிற்கும் குழு, ஒரே பொங்கலில் கோப்பை தூக்கி மறுபொங்கலில் கலையும் குழுவைவிட அதிக இளைஞர்களை வளர்க்கும்.