விமானம் வரும், போகும்; போன நிலம் வருமா?

சோழவரம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்வரும் தொழிலாளிகளுக்கு அங்குள்ள பழைய விமானத் தளம் தெரிந்ததுதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளையர் சர்க்கார் போட்டது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின. நிலம் மட்டும் ஊரார் கைக்கு வரவில்லை. 1950-களிலிருந்து பல ஆண்டுகள் அந்த ஓடுபாதையில் சீமான்கள் கார்ப் பந்தயம் விட்டார்கள். நம் ஜனங்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். சேலம், தருமபுரி ஜில்லாக்களுக்கும் ஏற்காடு மலைக்கும் வாழ்வு வரப்போகிறது என்று சொல்லி அது 1993-இல் திறக்கப்பட்டது. என்.இ.பி.சி. என்ற கம்பெனி கொஞ்ச நாள் விமானம் விட்டது. ஆள் சேரவில்லை என்று நிறுத்திக்கொண்டது. பிறகு 2009 வரை அந்த ஓடுபாதையில் பயணிகள் விமானம் இல்லை. 2009 நவம்பரில் கிங்பிஷர் வந்தது, 2011-இல் போயிற்று. அந்தக் கம்பெனியின் முதலாளி விஜய் மல்லையா, தொழிலாளிகளுக்கு மாதக் கணக்கில் சம்பள பாக்கி வைத்து, பொதுத்துறை பாங்குகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி கடன் வைத்து, 2016-இல் சீமைக்குப் பறந்தார். அவர் பறந்ததற்கு ஓடுபாதை குறுக்கே நிற்கவில்லை!

2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் பேரில் ட்ரூஜெட் வந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் விமானம் இறங்கிற்று. திறந்தது முதல் அதுவரை முப்பது ஆண்டுகள். அதில் விமானம் ஒழுங்காக வந்துபோன காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆறு ஆண்டுகூடத் தேறாது.

இந்த லட்சணத்தில்தான் 2018-இல் சர்க்கார் மேலும் ஏறத்தாழ 570 ஏக்கர் கேட்டது. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகள் அளவெடுக்க வந்த அதிகாரிகளைத் தடுத்து நின்றார்கள். இதை எதிர்த்துப் பேசியதற்காக நடிகர் மன்சூர் அலிகான் அந்த ஜூன் மாதம் கைது செய்யப்பட்டார். பேச்சுக்குச் சிறை என்றால், மண்ணைக் காத்து நின்ற குடியானவன் பாடு எப்படி இருந்திருக்கும்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கிற ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் ஏறும் சிறிய விமானம் அதில் இறங்கியது, இறங்குகிறது. சேலத்துக்கும் மலைக்கும் அது போதும். மிச்ச நிலம் பெரிய ஜெட் விமானத்துக்காக. சின்ன விமானத்தையே நிறுத்திவிட்டுக் கம்பெனிகள் மூட்டை கட்டிய இடத்தில், பெரிய விமானத்துக்கு நஞ்சையும் புஞ்சையும் எதற்கு?

மலை மக்களுக்கு விமானம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சிக்கிம் மலையில் மண் சரிந்தால் சாலை அறுந்துவிடும். அங்கே பாக்யோங்கில் மலையைச் செதுக்கி விமான நிலையம் கட்டினார்கள். பிரதம மந்திரி 2018 செப்டம்பர் 24-இல் திறந்து வைத்தார். அது நியாயமான தேவை. ஆனால் மறு ஆண்டு ஜூனிலேயே விமானம் நின்றது. மேக மூட்டம், பனி என்றார்கள். மலையில் மேகம் படியும் என்பது கட்டுவதற்கு முன்பு தெரியாதா? 2021-இல் மீண்டும் ஓடி, பிறகும் விட்டு விட்டுத்தான் ஓடியது.

ரப்பர் செருப்பு போட்டவனும் ஆகாயத்தில் பறப்பான் என்று 2017-இல் சிம்லாவில் பிரகடனம் செய்து தொடங்கிய திட்டம் இது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்போது ரூ.2,500; அதுவும் ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்கு மட்டும். கம்பெனிக்கு வரும் நஷ்டத்தை மூன்று ஆண்டுகள் அரசே ஈடு கட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மாநில கஜானாவிலிருந்து. நிலமும் மாநிலம் இலவசமாகத் தர வேண்டும். பலன் என்ன? மத்தியத் தணிக்கைத் துறை 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டுகள் முழுதாக ஓடியவை 112. மானியம் நின்ற பின்னும் 2023 மார்ச் வரை ஓடியவை 54. நாம் கற்பனை செய்தது அல்ல, சர்க்காரின் கணக்கு!

சேலத்துக்குப் பக்கத்தில், ராசிபுரம் அருகே போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று அங்கே ஊர்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். தேர்தல் வந்தால் ஓட்டு இயந்திரம் தலைச்சுமையாக ஏறியது. அந்த மலைக்குச் சாலை போடப் பணம் ஒதுக்கியதே அண்மைக் காலத்தில்தான். ஆகாய வழிக்கு 1993-இல் அவசரப்பட்டவர்களுக்குத் தரை வழி இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

இது சேலத்து சமாசாரம் என்று திருவள்ளூர் ஜில்லா தொழிலாளிகள் இருந்துவிட முடியாது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பார்த்த இடங்களில் நம் பன்னூரும் இருந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். அன்று முதல் ஏகனாபுரம் மக்கள் போராடியதை நாடே பார்த்தது. பன்னூரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் பந்தல் நம் ஊரில் போட்டிருக்க வேண்டியதுதான். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலம் போனால் பட்டாதாரருக்குப் பணமாவது வரும். அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு? 2013-ஆம் ஆண்டு மத்திய சட்டம், மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் குத்தகையாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. அந்த நிலையை நேரில் ஆராய்ந்து எழுதும் சமூக பாதிப்பு மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலோ 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தை 2019-இல் உயிர்ப்பித்து அந்த மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டார்கள். பரந்தூரிலும் அந்தச் சட்டத்தையே எடுத்தார்கள். மதிப்பீடு இல்லையென்றால் கூலிக்காரரின் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறும்?

ஆகவே நாம் கேட்பது இவை. இருக்கிற ஓடுபாதையில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் விமானத்தை ஓட்டிக் காட்டாமல் காமலாபுரம் வட்டாரத்தில் ஒரு சென்ட் நிலமும் எடுக்கக் கூடாது. நிலமெடுக்கும் எந்த ஊரிலும் கிராம சபை கூடி, பட்டாதாரர், குத்தகையாளி, கூலியாள் எல்லோர் பெயரையும் எழுதிய பட்டியலை முதலில் ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும். போதமலையைப் போன்ற மலை ஊர்கள் அனைத்துக்கும் பஸ்ஸும், பிரசவத்துக்கு ஆம்புலன்ஸும் ஏறும் சாலையை முதலில் முடித்துத் தர வேண்டும்.