பெரிய கேமராவே தொழில்முறைக் கேமரா என்னும் வாதம்: ஒரு மறுப்பு

தொழில்முறைப் பணிக்குக் கனமான டி.எஸ்.எல்.ஆர். கேமராவே ஏற்றது என்றும், கைக்கடக்கமான மிரர்லெஸ் கேமரா பயணத்துக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே பொருந்தும் என்றும் ஒரு கருத்து ஒளிப்படத் துறையில் இன்னும் வலுவாக நிலவுகிறது. டி.எஸ்.எல்.ஆர். என்பது லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடியால் மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் கருவி. படம் எடுக்கும் கணத்தில் அக்கண்ணாடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேரே படம் பதியும் சென்சாரில் விழ, சென்சார் காணும் காட்சியையே, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இருக்கும் சிறு மின்னணுத் திரை காட்டுகிறது. மேற்கண்ட கருத்துக்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதன்மேல் கட்டப்படும் முடிவை அந்த உண்மை தாங்குவதில்லை.

முதலாவது, பெரிய கேமராவே தரமான படம் தரும் என்பது. இது கேமராவின் உடல் அளவையும் சென்சாரின் அளவையும் ஒன்றாகக் கருதுவதால் நேரும் பிழை. படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை சென்சாரின் பரப்பும் லென்ஸும் ஆகும். 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள சென்சாரை ஃபுல் ஃபிரேம் என்பர். ஏறத்தாழ 1,005 கிராம் எடையுள்ள நிக்கான் டி850 கேமராவிலும், 650 கிராம் எடையுள்ள சோனி ஏ7 III கேமராவிலும் இருப்பது இதே அளவுச் சென்சார்தான். பின்னதன் 24 மெகாபிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுத்தரத்தில் ஏ3 தாளை நிரப்பப் போதுமானது. அதேவேளை, சென்சாரே சிறிதாகும்போது வேறுபாடு மெய்யாகவே தோன்றும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைச் சென்சாரின் அளவு 17.3க்கு 13 மில்லிமீட்டர், அதாவது ஃபுல் ஃபிரேம் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு. ஆகவே ஒரே லென்ஸ் திறப்பில் அது பெறும் மொத்த ஒளி இரண்டு ஸ்டாப் குறைகிறது. ஸ்டாப் என்பது ஒளியளவு இரு மடங்காவதை அல்லது பாதியாவதைக் குறிக்கும் அலகு. எனவே மங்கிய மண்டபத்தில் பணியாற்றுபவர் ஆராய வேண்டியது சென்சாரின் பரப்பையே, கேமராவின் பருமனை அன்று.

இரண்டாவது, வேகமான நிகழ்வுகளில் மின்னணு வியூஃபைண்டரை நம்ப முடியாது என்பது. தொடக்க கால மிரர்லெஸ் கேமராக்களைப் பொறுத்தவரை இது நியாயமான குறையே. ஆனால் 2017இல் வந்த சோனி ஏ9, வியூஃபைண்டர் இருளாமலேயே நொடிக்கு 20 படங்கள் எடுத்தது, டி.எஸ்.எல்.ஆர். கேமராவிலோ ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலெழுவதால் காட்சி ஒரு கணம் மறைந்தே தீரும். மேலும், டி.எஸ்.எல்.ஆர். குவியத்தைக் கணிப்பது தனியான ஓர் உணரியைக் கொண்டு என்பதால், அவ்வுணரிக்கும் படச் சென்சாருக்கும் இடையே நேரும் மிகச் சிறு விலகலும் கூர்மையைக் கெடுக்கும். மிரர்லெஸ் கேமரா படம் பதியும் சென்சாரிலேயே குவியத்தைக் கணிப்பதால், அவ்விலகலுக்கு இடமில்லாமல் போவதோடு, சட்டகத்தின் ஓரத்தில் நிற்பவரின் கண்ணையும் அது பின்தொடர முடிகிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020இல் தன் ஒளிப்படச் செய்தியாளர்களுக்குச் சோனி மிரர்லெஸ் கேமராக்களை வழங்க முடிவு செய்தது, இந்நம்பகத்தன்மைக்கு வெளிப்படையான சான்று.

மூன்றாவது, மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி நெடுநேரப் பணிக்குத் தாங்காது என்பது. எண்கள் இவ்வாதத்துக்குச் சார்பாகவே இருக்கின்றன: தரப்படுத்தப்பட்ட சோதனையில் டி850 ஒரு பேட்டரியில் 1,840 படங்களும், ஏ7 III திரையைப் பயன்படுத்தி 710 படங்களும் எடுக்கின்றன. எனினும் கூடுதல் பேட்டரி ஒன்றின் எடை நூறு கிராமுக்கும் குறைவு என்பதால், இரண்டைச் சேர்த்துச் சுமந்தாலும் மொத்தச் சுமை டி850ஐவிடக் குறைவாகவே இருக்கும். பேட்டரியைவிடக் கவனமாக ஆராய வேண்டியது மெமரி கார்டுக்கான இடங்களின் எண்ணிக்கை. மங்கலநாண் பூட்டும் கணத்தை மறுபடி நிகழ்த்த இயலாது. ஆதலால் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவது பிறருக்காகப் படமெடுப்பவரின் கடமை. 2018இல் வந்த நிக்கான் இசட்6, கேனான் இஓஎஸ் ஆர் ஆகியவற்றில் ஒரே கார்டுக்கு மட்டுமே இடமிருந்தது உண்மையான குறை. அதே ஆண்டின் ஏ7 III இரண்டு கார்டுகளை ஏற்றது.

நான்காவது, சிறிய கேமராவில் பெரிய லென்ஸ் சமநிலை பெறாது என்பது. நான்கனுள் மிகுந்த மதிப்புக்குரியது இதுவே. கேமரா இளைத்தாலும் லென்ஸ் இளைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கேனானின் 70–200 எஃப்/2.8 லென்ஸ் 1,480 கிராமிலிருந்து மிரர்லெஸ் வடிவில் 1,070 கிராமாகக் குறைந்தது. ஆனால் 50 மில்லிமீட்டர் எஃப்/1.2 லென்ஸோ ஏறத்தாழ 580 கிராமிலிருந்து 950 கிராமாகக் கூடியது. நெடுந்தொலைவு லென்ஸுடன் விளையாட்டுக் களத்தில் நிற்பவருக்கு ஆழ்ந்த கைப்பிடியுள்ள பெரிய உடல் வேண்டும் என்பதை ஏற்கலாம். ஆனால் அப்பெரிய உடலுக்குள் கண்ணாடி இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட நிக்கான் இசட்9 ஏறத்தாழ 1,340 கிராம் எடையுள்ள மிரர்லெஸ் கேமரா. அதில் இயந்திர ஷட்டர்கூட இல்லை.

மிரர்லெஸ் கேமராவுக்கே உரிய இடர் ஒன்றையும் மறைக்கலாகாது. ஒலியில்லாத மின்னணு ஷட்டரில் சென்சார் வரிவரியாக வாசிக்கப்படுகிறது. வாசிப்பு மெதுவாக இருக்கும் கேமராக்களில் வேகமாக நகரும் பொருள் சாய்ந்து பதிவதும், எல்.இ.டி. விளக்கொளியில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழுவதும் உண்டு. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் தரம் குறைந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதால், இயந்திர ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 நொடி வேகத்தில் எடுப்பது பெரும்பாலும் இதைத் தவிர்க்க உதவும்.

பருமனைத் தகுதியாகக் கொள்ளும் மனப்பாங்கு புதியதன்று. 1925இல் லைக்கா என்னும் சிறிய கேமரா அறிமுகமானபோது 35 மில்லிமீட்டர் பிலிம் தொழிலுக்குப் போதாது என்று கருதியோர் பலர். அமெரிக்கப் பத்திரிகைத் துறை அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் ஸ்பீட் கிராஃபிக் போன்ற பெரிய கேமராக்களையே நம்பியிருந்தது. ஆனால் லைக்காவைக் கொண்டுதான் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் இருபதாம் நூற்றாண்டின் செய்திப்படக் கலைக்கே புதிய இலக்கணம் வகுத்தார்.

ஆகவே தொழிலுக்குக் கேமரா தேர்பவர் முதலில் பணியின் ஒளியையும், அடுத்து அது வேண்டும் லென்ஸையும், பின்னர் இரட்டைக் கார்டு வசதியையும் சென்சாரின் வாசிப்பு வேகத்தையும் ஆராய்ந்து, இறுதியிலேயே உடலின் அளவை நோக்குவது முறையாகும். பெரிய உடலே மதிப்பளிக்கும் என்ற நம்பிக்கையில் கடன்பட்டு அதை வாங்கிவிட்டு, நல்ல லென்ஸுக்குப் பணமின்றித் தவிக்கும் இளைஞர்களுக்கும், வைகறை முகூர்த்தம் முதல் இரவு வரவேற்பு வரை கழுத்திலும் தோளிலும் சுமை தாங்கி உழைப்பவர்களுக்கும் இவ்வரிசை பயன் தரும். வாடிக்கையாளரின் கையில் இறுதியாகச் சேர்வது படம் மட்டுமே. அதை எடுத்த கேமராவின் எடை அதில் எங்கும் பதிவதில்லை.