ஒரு பந்தியில் உண்போம்

பழைய மாணவர் சங்கமொன்று ஓராண்டிற் செய்யும் கருமங்கள் பல. பொதுக்கூட்டம் கூடுகிறது; கணக்கு வாசிக்கப்படுகிறது; பரிசில் நிதி திரட்டப்படுகிறது. இவையாவும் ஆண்டறிக்கையில் இடம்பெறுவன. ஆயின் உறுப்பினர் மனத்தில் நெடுநாள் நிற்பது இவற்றுள் ஒன்றன்று; ஒருங்கிருந்து உண்ட இராப்போசனமே. அது செவ்வனே நிகழின் அடுத்த ஆண்டு வருவோர் தொகை கூடும். சீர்கெட்டு நிகழின் காரணம் கூறாமலே பலர் ஒதுங்கிவிடுவர். ஆதலின், விருந்தைப் பற்றி மலரில் எழுதுவது அற்ப விடயமென அன்பர்கள் கருதாதிருக்க வேண்டுகிறோம்.

கண்டி வட்டாரத்தில் வாழும் பழைய மாணவராகிய யாம் அண்மையில் கெலிஓயாவிலுள்ள போசனசாலையொன்றில் இராப்போசனத்துக்குக் கூடினோம். இடத்தெரிவிற் குறைசொல்வதற்கில்லை. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே, பெருந்தெருவிலும் புகையிரதப் பாதையிலும் அமைந்த ஊர் அது. கண்டி நகரத்து உத்தியோகத்தர்க்கும், நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞர்க்கும் அது நடுவிடம். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் வணிகம் செய்யும் ஊராதலின் உணவுவகைக்கும் பஞ்சமில்லை.

எனினும் விருந்து ஏமாற்றமாகவே முடிந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் ஏழு மணிக்கு வந்தமர்ந்தோம். முதற் கோப்பை மேசைக்கு வந்தபோது மணி ஒன்பதை அண்மித்தது. ஒருவர் உண்டு கைகழுவும் வேளையில் அவருக்கு எதிரே இருந்தவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். மரக்கறி உண்போர்க்குக் கிடைத்தது முட்டையைப் பொறுக்கியெடுத்த பொரித்த சோறு. நந்நான்கு பேராகச் சிறு மேசைகளில் அமர்த்தப்பட்டமையால், மூத்தோர் மூத்தோருடனும் இளையோர் இளையோருடனும் பேசிப் பிரிந்தனர். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்தற்கரியது வேறொன்று. இளம் ஆசிரியர் ஒருவர் விலைப்பட்டியலை இருமுறை புரட்டிப் பார்த்து, வயிறு சரியில்லையென்று கூறித் தேநீர் மாத்திரம் அருந்தினார். அவர் வயிற்றில் யாதொரு குறையுமில்லை என்பதை அருகிருந்தோர் அறிவர். இறுதியில் மொத்தக் கணக்கைத் தலைக்குச் சமமாகப் பங்கிட்டபோது அவரும் பங்கு செலுத்தினார்.

போசனசாலைக்காரரை மாத்திரம் குறைகூறுதல் நியாயமாகாது. சிறிய ஊரின் சமையற்கட்டில் அடுப்புகள் சிலவே. முப்பது பேர் முப்பது வகை கேட்பின், அவை நான்கும் ஐந்துமாகவே வெந்து வரும். முன்னரே சமைத்து வைக்கலாமே எனின், அதற்கும் எல்லையுண்டு. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்திருக்க வேண்டுமென்றும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ளது. விருந்தினர் எத்தனை பேர், எப்போது வருவர், யாது உண்பர் என்பவற்றை அறியாத சமையற்காரர், ஒன்றில் தாமதிக்க வேண்டும். அன்றேல் ஆறிய சோற்றை இடவேண்டும்.

விலையையும் சிந்தித்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதை எவரும் மறந்திலர். அதன்பின் உணவின் விலை பழைய நிலைக்கு மீளவில்லை. 2024 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. சேவைக் கட்டணமாக நூற்றுக்கு 10 சேர்ப்பதும் பல போசனசாலைகளின் வழக்கம். இவ்விரண்டும் சேருமாயின், பட்டியலில் 2,000 ரூபாவென்று காணும் உணவு, பணம் கொடுக்கும்போது 2,500 ரூபாவைத் தாண்டிவிடும். ஓய்வூதியத்தில் வாழ்பவரும் புதிதாய் உத்தியோகம் ஏற்றவரும் இக்கணக்கை மனத்துள் போட்டுப் பார்த்தே கதிரையில் அமர்கின்றனர்.

ஒருங்கிருந்து உண்ணும் உரிமை நம் இனத்தாருக்கு எளிதிற் கிடைத்ததன்று. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவிட்டமை பற்றி எழுந்த கிளர்ச்சி, 1924, 1925 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. சாதி காரணமாக ஒருவரை உணவுச்சாலையிலும் பிற பொதுவிடங்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் நிறைவேறிற்று. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் சில, போராட்டத்தினாலேயே எல்லார்க்கும் திறக்கப்பட்டன. இத்துணை இடர்ப்பட்டு ஒன்றாக்கிய பந்தியைப் பணத்தின் பேரால் மீண்டும் இரண்டாக்குதல் தகுமோ? அன்று பிறப்பு பிரித்தது. இன்று விலைப்பட்டியல் பிரிக்கின்றது. பிரிக்கப்பட்டவன் மனம் படும் பாடு ஒன்றே.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. முதலாவதாக, வருவோர் தொகையை மூன்று தினங்களுக்கு முன்னரேனும் உறுதிசெய்து போசனசாலைக்கு முற்பணம் செலுத்துக. இரண்டாவதாக, எல்லார்க்கும் ஒரே உணவு அமைக. சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் பொரியலும் சம்பலும் பப்படமும் பாயசமும் எவருக்கும் போதும், எவரும் உண்ணலாம், ஒரே வேளையிற் பரிமாறவும் இயலும். மாமிசம் வேண்டுவோர்க்கு அதனை வேறாகச் சமைப்பித்தால், மரக்கறி உண்போர் சந்தேகத்தோடு சோற்றைக் கிளற வேண்டியதில்லை. மூன்றாவதாக, வரியும் கட்டணமும் உட்பட்ட முழுத் தொகையையே அழைப்பிதழிற் குறிப்பிடுக. நான்காவதாக, வசதியுள்ளோர் தத்தம் விருப்பம்போற் செலுத்தவும், ஏனையோர் இயன்றதைச் செலுத்தவும் மூடிய உறையொன்றைத் தனாதிகாரி பேணுக. யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியவேண்டியதில்லை. ஐந்தாவதாக, மேசைகளை நீளச் சேர்த்து மூத்தோரையும் இளையோரையும் மாறிமாறி அமர்த்துக.

விருந்தென்றால் விரும்பியதை உண்பதற்கன்றோ, சங்கம் பத்தியம் வகுக்கலாமோ என்று சிலர் வினவுவர். விரும்பியதை விரும்பியாங்கு உண்ண ஆண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நாட்கள் உள. கல்லூரி விடுதியில் எல்லாரும் ஒரே பருப்பை உண்டு ஒரே குரலில் அதைக் குறைகூறியதன்றோ நம்மை நண்பராக்கியது? ஆண்டில் ஓரிரவு அந்தச் சமத்துவத்துக்கு மீளுதல் யாவர்க்கும் இன்பமே தரும்.

ஜுபிலி ஆண்டில் கட்டடங்கள் எழும், கல்வெட்டுகள் பதிக்கப்படும். அவற்றோடு இதனையும் சங்கம் தீர்மானமாக நிறைவேற்றுமாக: கல்லூரியின் பேரால் இடப்படும் எப்பந்தியிலும், எம்மாணவனும் வயிறு சரியில்லையென்று பொய்யுரைக்க நேராதிருப்பதாக.