அடக்கக் கூடாததை அடக்கும் சகோதரிகள்

போன மாதம் ஒரு நர்ஸ் என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல். ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவையாம். "தண்ணி நிறையக் குடிம்மா" என்றேன். சிரித்துவிட்டார்.

"குடிச்சா போகணுமே டாக்டர்! வார்டை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

எனக்குச் சுருக்கென்றது. சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பில் தானாக எழும் உந்துதல்கள்தான் வேகங்கள். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, இருமல் என்று போகும் பட்டியல் அது. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்று மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தோம். ஆனால் நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஷிப்ட்டில் சிறுநீர், பசி, தாகம், தூக்கம் என நான்கை அடக்குகிறார்கள். கண்ணீரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கட்டிலில் உயிர் போயிருக்கும். அடுத்த கட்டிலுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசி போடப் போக வேண்டும். அங்கே நாம், "கூப்பிட்டா வர இவ்வளவு நேரமா?" என்று அதட்டுவோம்!

மே 12, நைட்டிங்கேல் பிறந்த நாளன்று ரோஜாப்பூ கொடுத்துக் கேக் வெட்டுகிறோம். பூவை விடுங்கள், பதினைந்து நிமிடம் மாற்று ஆள் கொடுங்கள் என்பேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அவர்களுக்கே புத்தி சொல்வது நிர்வாகங்களுக்குச் செலவில்லாத வழி.

வீட்டிலும் நிலைமை இதுதான். மருமகள் நைட் டூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வருகிறாள். இட்லி ஊற்றி, துணி துவைத்துப் படுக்கும்போது பதினொன்று. இரண்டு மணிக்குக் காலிங் பெல். "பகல்ல என்ன தூக்கம்?" என்று ஒரு குரல் வேறு. பகல் தூக்கம் ஆகாது என்று எங்கள் நூல்களும் சொல்கின்றன, வாஸ்தவம்தான். அது ராத்திரி தூங்கியவர்களுக்கு! விடிய விடிய விழித்தவளுக்கு அந்த விதியைக் காட்டாதீர்கள். வந்ததும் இரண்டு இட்லியோ கஞ்சியோ கொடுத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏழு மணி நேரம் கூப்பிடாமல் இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையை 2007-லும், மறுபடி 2019-லும், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அந்தத் தூக்கத்தை சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டூட்டி முடிந்ததும் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்திப் பத்து நிமிடம் படுங்கள். எரிச்சலோடு குளிர்காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால், சீரகத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சிறுநீரைப் பரிசோதித்து டாக்டரைப் பாருங்கள். இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

அந்தப் பெண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். சீட்டின் அடியில், 'இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வார்டை விட்டுப் போக அனுமதிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேட்ரனிடம் காட்டினாரோ என்னவோ.