80 ஆண்டு எல்லையில் இங்கிலாந்து குத்தகை வீடுகள்: காத்திருப்பதா, இப்போதே நீட்டிப்பதா?

புது தில்லி: இங்கிலாந்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டின் நிரந்தர உரிமை அல்ல, 99 அல்லது 125 ஆண்டுகள் போன்ற குறிப்பிட்ட காலத்துக்கு அதில் குடியிருக்கும் உரிமை மட்டுமே. காலம் முடிந்ததும் வீடு நில உரிமையாளரிடம் திரும்பிவிடும். அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இத்தகைய குத்தகையின் கீழ் உள்ளன. இந்தக் காலத்தை நீட்டிப்பதை மலிவாக்கும் சட்டம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறியது. ஆனால், அதில் மிக முக்கியமான விலை நிர்ணயப் பிரிவுகள் இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் 'லீஸ் வீடு' என்றால் மொத்தமாக முன்பணம் கொடுத்து, மாத வாடகையின்றிச் சில ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது. இங்கிலாந்துக் குத்தகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கு வாங்குபவர் சந்தை விலை முழுவதையும் செலுத்துகிறார். வங்கிக் கடன் பெறுகிறார். விரும்பினால் விற்கவும் செய்கிறார். நொய்டாவில் 90 ஆண்டுக் குத்தகை நிலத்தில் எழுந்துள்ள குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பழக்கமானதாக இருக்கும். லண்டனில் பணியாற்றும் மகனோ மகளோ வீடு வாங்குவதற்கு இங்கிருந்து பணம் அனுப்பும் பெற்றோர், விலையை விசாரிக்கும் அளவுக்கு மீதமுள்ள குத்தகை ஆண்டுகளை விசாரிப்பதில்லை என்றே தோன்றுகிறது.

தற்போது நடைமுறையில் இருப்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். இதன்படி, மீதமுள்ள காலத்துடன் மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு உண்டு. நீட்டிப்புக்குப் பின் ஆண்டு நில வாடகை 'ஒரு மிளகு' என்று சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. வாடகை ஏதும் இல்லை என்பதைச் சொல்லும் பழைய ஆங்கிலேய வழக்கு அது. இதற்காக நில உரிமையாளருக்கு ஓர் ஈட்டுத்தொகை தர வேண்டும். அவரது வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் ஆகியோருக்கான நியாயமான கட்டணமும் குத்தகைதாரரின் தலையில்தான் விழுகிறது.

சிக்கல் தொடங்கும் இடம் 80 ஆண்டு. மீதமுள்ள காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்வரை, நில உரிமையாளர் இழக்கும் நில வாடகைக்கும், வீடு தம்மிடம் திரும்பும் நாள் தள்ளிப்போவதற்கும் மட்டுமே ஈடு கணக்கிடப்படும். அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்ற மற்றொரு தொகை சேர்கிறது. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். திருமணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரு தரப்பின் உரிமைகளும் ஒன்று சேர்வதால் கூடும் மதிப்பையே இப்படிக் குறிப்பிடுகின்றனர். அதில் சரிபாதி நில உரிமையாளருக்குச் செல்லும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நீண்ட குத்தகையுடன் 3 லட்சம் பவுண்ட் பெறும் வீடு, 70 ஆண்டு மட்டுமே மீதமிருப்பதால் 2.70 லட்சம் பவுண்ட் பெறுகிறது என்று கொள்வோம். ஆண்டு நில வாடகை 250 பவுண்ட். எழுபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வரவேண்டிய வீட்டின் இன்றைய மதிப்பு, வழக்கத்தில் உள்ள 5 சதவீதத் தள்ளுபடி விகிதப்படி சுமார் 9,900 பவுண்ட். இழக்கும் வாடகை 6 சதவீத விகிதத்தில் சுமார் 4,100 பவுண்ட். ஆக, நில உரிமையாளரின் பங்கு 14,000 பவுண்ட். இரு தரப்பின் மதிப்பும் சேர்ந்து 2.84 லட்சம், நீட்டிப்புக்குப் பின் 3 லட்சம். கூடுதலான 16,000 பவுண்டில் பாதி 8,000. குத்தகைதாரர் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 22,000 பவுண்ட்.

புதிய சட்டம் இந்த 8,000 பவுண்டை நீக்குகிறது. நீட்டிப்புக் காலத்தை 90-லிருந்து 990 ஆண்டுகளாக உயர்த்துகிறது. எதிர்த்தரப்பின் கட்டணச் சுமையையும் பெரும்பாலும் அகற்றுகிறது. ஆனால், மதிப்பீட்டுக்கான விகிதத்தை அரசே நிர்ணயிக்கும் என்றும் கூறுகிறது. கவனிக்க வேண்டியது இதுதான். மேற்கண்ட கணக்கில் 5 சதவீதத்துக்குப் பதிலாக 4 சதவீதம் என்று வைத்தால், வீட்டின் இன்றைய மதிப்பு மட்டும் சுமார் 19,300 பவுண்டாகி, மொத்தத் தொகை 23,400 பவுண்டாகிவிடும். 8,000 பவுண்டை நீக்கியும் இன்றைய செலவை விட அதிகம்! விகிதம் அறிவிக்கப்படாதவரை, 'காத்திருந்தால் மலிவு' என்பது உறுதியான கணக்கு அல்ல, எதிர்பார்ப்பு மட்டுமே.

தாமதத்துக்குக் காரணங்கள் இரண்டு. சட்டத்தில் கடுமையான குறைகள் இருப்பதாகவும், அவற்றைச் சரிசெய்ய நாடாளுமன்றத்தில் மீண்டும் சட்டம் இயற்ற வேண்டும் என்றும் வீட்டுவசதித் துறை அமைச்சர் மேத்யூ பென்னிகுக் 2024 நவம்பரில் தெரிவித்தார். மறுபுறம், பெரும் நில உரிமையாளர்கள், தங்கள் சொத்துரிமை பறிக்கப்படுவதாக நீதிமன்றம் சென்றனர். அவர்களது மனுக்களை லண்டன் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. நில வாடகைக்கு ஆண்டுக்கு 250 பவுண்ட் உச்சவரம்பு விதிக்கும் வரைவு மசோதா 2026 ஜனவரியில் வெளியானது. அது வேறொரு நிவாரணம். நீட்டிப்புச் செலவுக்கான விகிதத்தை அது தீர்த்துவைக்கவில்லை.

நடைமுறைக்கு வந்துள்ள ஒரு பகுதி பயனுள்ளது. வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே நீட்டிப்புக் கோரலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே புதிதாக வாங்கியவரும், உரிமை பதிவானவுடனேயே முறைப்படி அறிவிக்கை அனுப்பலாம். மதிப்பீட்டு நாள் என்பது அந்த அறிவிக்கை தரப்படும் நாளே; பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் மீதமுள்ள ஆண்டுகள் அன்றைய கணக்கிலேயே நிற்கும். தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். அறிவிக்கையைத் திரும்பப் பெறுபவர் மறுபடி கோருவதற்கு 12 மாதங்கள் பொறுக்க வேண்டும்; அதுவரை ஆன எதிர்த்தரப்புச் செலவையும் ஏற்க வேண்டும்.

சட்டத்துக்கு வெளியே, குறைந்த தொகையில் பேசி முடிக்கலாம் என்று சில நில உரிமையாளர்கள் முன்வருவதுண்டு. அத்தகைய ஒப்பந்தத்தில் பழைய குத்தகைக் காலம் முடியும்வரை நில வாடகை தொடரக்கூடும் என்பதால், கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம்.

ஆகவே முடிவு, மீதமுள்ள ஆண்டுகளைப் பொறுத்தது. நூறு ஆண்டுக்கு மேல் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே 80-க்குக் கீழே இறங்கிவிட்டவர் புதிய விதிகளுக்காகச் சிறிது பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் 70 ஆண்டுக்குக் கீழான குத்தகைக்குக் கடன் தரப் பல வங்கிகள் தயங்குவதால், விற்கும் எண்ணம் உள்ளவருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. மிகவும் இக்கட்டான நிலை 80-ஐ ஒட்டி நிற்பவர்களுடையது. புதிய சட்டம் நிறைவேறிய 2024 மே மாதத்தில் சரியாக 82 ஆண்டுகள் மீதமிருந்த ஒரு குத்தகை, 2026 மே மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.