கடற்கரையில் சிரிக்கலாமா?

போன மாதம் அக்காவின் மகன் கூட்டாளிகள் நான்கு பேருடன் சேர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சிரிப்பு வீடியோ எடுத்தான். ஒன்றரை நிமிட வீடியோ. முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவன் பெரிய நீச்சல் வீரனைப் போலக் கையையும் காலையும் அடிக்கிறான். இன்னொருவன் குடை பிடித்தபடி பக்கத்தில் நின்று அவனுக்குச் சோறு தீத்துகிறான். கதை அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

டிக்டொக்கில் ஏற்றி இரண்டு மணித்தியாலம் ஆகுமுன்னே ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "சனம் செத்த இடத்தில உங்களுக்கு என்ன கூத்து?" அதைப் பலர் ஆமோதித்திருந்தார்கள். அவன் வீடியோவை அழித்துவிட்டு என்னிடம் வந்தான். "சித்தி, நான் பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டான்.

அவன் 2010 இல் பிறந்தவன். அந்தக் கரையை அவனுக்குத் தெரிந்தது கிரிக்கெட் விளையாடும் இடமாகத்தான். ஆனால் அந்த வரியை எழுதியவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. 2009 இல் அவர் அந்த மணலில் யாரை விட்டுவிட்டு வந்தாரோ. உடனே பதில் சொல்ல முடியாமல், "யோசிச்சுச் சொல்லுறன்" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

யோசிக்கும்போது நினைவுக்கு வந்தவை, ஊடகக் கற்கைப் படிப்பின்போது நாங்கள் கேலி செய்த சில அமெரிக்கப் படங்கள். 1960களில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கடற்கரை நகைச்சுவைப் படங்கள். அன்றிரவு அவற்றில் முதலாவதான 'பீச் பார்ட்டி'யை மடிக்கணினியில் மறுபடி போட்டேன். பக்கத்தில் அம்மா முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். இளைஞர்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், அலையில் சறுக்குகிறார்கள், காதலிக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "உந்தப் பெடி பெட்டையளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?"

இந்தப் படங்களைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான். அவற்றின் கவர்ச்சியும் அவற்றின் அரசியலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

'பீச் பார்ட்டி' 1963 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான 'கிளியோபாட்ரா' மூன்று கோடி டொலருக்கு மேல் விழுங்கி, அதைத் தயாரித்த பெரிய நிறுவனத்தையே ஆட்டம் காண வைத்தது. 'பீச் பார்ட்டி' சில இலட்சம் டொலருக்குள், சில வாரங்களில் முடிந்த படம். தயாரித்தது அமெரிக்கன் இன்டர்நஷனல் பிக்சர்ஸ். ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்கொஃப் என்ற இருவர் 1954 இல் தொடங்கிய சிறிய நிறுவனம் அது. முதலில் தலைப்பை யோசிப்பார்கள், பிறகு சுவரொட்டியை வரைவார்கள், அதற்குப் பிறகுதான் கதை எழுதுவார்கள். காரில் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகள் அப்போது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இவர்களின் முக்கிய சந்தை அதுதான்.

அந்தக் கார்களுக்குள் இருந்தவர்கள் யார்? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்த பிள்ளைகள். 1946 இல் பிறந்தவர்களுக்கு 1963 இல் 17 வயது. கையில் கொஞ்சம் காசு, ஓட்ட ஒரு கார். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் தாய் தகப்பன். வீட்டைவிட்டு வெளியே வரத்தான் அவர்கள் படத்துக்கு வந்தார்கள். நிறுவனம் இதற்கென்று ஒரு கணக்கே வைத்திருந்தது. மூத்த பிள்ளை பார்ப்பதை இளைய பிள்ளையும் பார்க்கும், இளையது பார்ப்பதை மூத்தது பார்க்காது. ஆண் பார்ப்பதைப் பெண்ணும் பார்ப்பாள், பெண் பார்ப்பதை ஆண் பார்க்கமாட்டான். ஆகவே 19 வயது ஆணைக் குறிவைத்தால் எல்லோரையும் பிடித்துவிடலாம். இன்றைக்கு இந்தக் கணக்கை ஒரு பெண்ணாக வாசிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஆனால் அன்றைக்கு அது பலித்தது.

படத்தில் பெற்றோர் இல்லாததற்குக் காரணம் இதுதான். வீடு, பள்ளிக்கூடம், வேலை, பணக்கஷ்டம் எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. இயக்குநர் வில்லியம் ஆஷர் இந்தத் தொடரின் பெரும்பாலான படங்களை அப்படித்தான் எடுத்தார். பாடகர் பிரங்கி அவலோனும், டிஸ்னி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் சிறுமியாக வளர்ந்த அனெட் புனிசெல்லோவும் பெரும்பாலான படங்களில் சண்டை பிடித்துக் கடைசியில் சேர்வார்கள். தோல் மேலங்கி போட்ட மோட்டார் சைக்கிள் ரவுடிக் கூட்டம் ஒன்று வரும். அதன் தலைவன் எரிக் வொன் சிப்பரை நிஜமாகப் பயப்பட ஒருவரும் இல்லை. விழுவான், மாட்டுப்படுவான், மறுபடி வருவான். இந்தக் கடற்கரையில் யாருக்கும் காயம் படுவதில்லை.

எல்லாம் பொய் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும். கோடைக்குப் படம் வெளிவரவேண்டும் என்பதால் குளிர் மாதங்களில் மலிபு கடற்கரையில் எடுத்த காட்சிகள் பல. நீச்சலுடையில் சிரிப்பவர்கள் உண்மையில் குளிரில் நடுங்கியிருக்கிறார்கள். தூரத்தில் அலையில் சறுக்குபவர்கள் வேறு ஆட்கள். முகம் தெரியும் கிட்டக் காட்சிகளில் நடிகர்கள் ஸ்டூடியோவுக்குள் ஒரு பலகையில் நின்று ஆடுகிறார்கள், பின்னால் திரையில் கடல் ஓடுகிறது. அந்த மலிவே ஒரு கவர்ச்சி. "நாங்களும் உங்களோடு சேர்ந்து விளையாடுகிறோம்" என்று படம் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. மௌனப் படக் காலத்துப் பெரும் கலைஞர் பஸ்டர் கீட்டன் 1966 இல் இறப்பதற்கு முன் இந்தத் தொடரில் சில படங்களில் நடித்தார். முதுமையிலும் அவர் தடுக்கி விழும்போது அம்மாகூடச் சிரித்தார். இந்தச் சிரிப்பை நான் கொச்சைப்படுத்தமாட்டேன்.

ஆனால் அம்மாவின் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். தாய் தகப்பன் மட்டுமா அங்கே இல்லை? வேறு யாரெல்லாம் இல்லை?

அந்த மணலில் ஆடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். 1964 இல் வந்த 'மசில் பீச் பார்ட்டி'யில் ஸ்டீவி வொண்டர் தோன்றுகிறார். அதுதான் அவருடைய முதல் படம். படமாக்கியபோது அவருக்கு 13 வயது. பாடுவதற்கு அழைக்கப்படுகிறார், பாடிவிட்டுப் போகிறார். அதே 1964 யூன் மாதம், புளோரிடா மாநிலத்தின் சென்ட் அகஸ்டின் நகரில் கறுப்பின மக்களும் அவர்களோடு நின்ற வெள்ளையர்களும், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடலில் இறங்கினார்கள். அதுவே அவர்களின் போராட்டம். கடலில் கால் வைத்ததற்காக அடிவாங்கினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு மிசிசிப்பியின் பிலொக்சி கடற்கரையிலும் இதே நடந்தது. சமூக உரிமைச் சட்டம் கையெழுத்தானது 1964 யூலை 2 ஆம் திகதி. 'பிகினி பீச்' திரைக்கு வந்ததும் அதே யூலையில்தான். ஒரு நாட்டில், ஒரே கோடையில், இரண்டு கடற்கரைகள்.

மூன்றாவது கடற்கரை ஒன்றும் இருந்தது. 1965 மார்ச் 8 ஆம் திகதி, அமெரிக்க மரைன் படையினர் சுமார் 3,500 பேர் வியட்நாமின் டா நாங்கில் வந்திறங்கத் தொடங்கினார்கள். ஒரு பகுதியினர் படகுகளில் வந்து அலைக்குள்ளால் நடந்து கரையேறினார்கள். கரையில் வியட்நாமியப் பெண்பிள்ளைகள் பூமாலையோடு நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் ஏதோ கடற்கரைப் படத்தின் தொடக்கக் காட்சி போலவே இருக்கும். அடுத்த மாதம், ஏப்ரலில், 'பீச் பிளாங்கெட் பிங்கோ' வெளியானது.

18 வயதில் அமெரிக்க ஆண்கள் கட்டாய இராணுவ சேவைக்குப் பெயர் பதியவேண்டியிருந்தது. திரைப்பட நிறுவனம் குறிவைத்த அதே 19 வயதுப் பெடியனைத்தான் இராணுவமும் குறிவைத்தது. அந்தக் கார்களுக்குள் இருந்து சிரித்தவர்களில் சிலரையாவது அந்தப் போர் கொண்டுபோயிருக்கும். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அதில் இறந்தார்கள். வியட்நாமியர் பல இலட்சம்.

படங்கள் இதைப் பார்க்க மறுத்த விதம் கவனிக்கத்தக்கது. 1965 கோடையில் வந்த 'ஹவ் டு ஸ்டஃப் எ வைல்ட் பிகினி'யில் பிரங்கி கடற்படைச் சேவைக்குப் போயிருக்கிறான். எங்கே? டஹிட்டி தீவுக்கு. அங்கே அவனுக்கிருக்கும் ஒரே கவலை, ஊரில் காதலி வேறு யாருடனும் பழகிவிடுவாளோ என்பதுதான். சீருடை சட்டகத்துக்குள் வந்துவிட்டது, போர் வரவில்லை. அடுத்த ஆண்டோடு இந்தத் தொடர் முடிந்தது. அதே நிறுவனம் 1966 இல் 'த வைல்ட் ஏஞ்சல்ஸ்' எடுத்தது. அதிலும் மோட்டார் சைக்கிள் கூட்டம்தான், ஆனால் இந்த முறை அது விளையாட்டு அல்ல. 1979 இல் பிரான்சிஸ் போர்ட் கொப்போலா 'அபொகலிப்ஸ் நவ்' படத்தில் அலைச்சறுக்கையும் குண்டுவீச்சையும் ஒரே காட்சிக்குள் வைத்தார். அலை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு கிராமமே அழிக்கப்படுகிறது. பதினைந்து வருடமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த இரண்டு கடற்கரைகள் அங்கே ஒன்றாகின.

அப்படியானால் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் குற்றவாளிகளா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒரு கடற்கரை வேண்டும் என்பது மனிதருக்குள்ள மிக எளிய ஆசை. போருக்கு முன்னால் நிற்கும் 19 வயதுப் பிள்ளைக்கு அந்த ஆசை இன்னும் கூடுதலாக இருக்கும். பிழை சிரிப்பில் இல்லை. யாரை வெளியே தள்ளிவிட்டு அந்தச் சட்டகம் அமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை அல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்துக்கிடந்தபோதே, போர் முடிந்த பின்னர் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் 'தல்செவன' என்ற விடுமுறை விடுதியை நடத்தத் தொடங்கியது. நீலக் கடல், வெள்ளை மணல், சாய்வு நாற்காலி. அந்தக் காட்சியில் இல்லாதவர்கள் அந்தக் கரையில் வலை காயப்போட்டவர்கள். 2009 இல் புதுமாத்தளனிலிருந்து வெள்ளமுள்ளிவாய்க்கால் வரையான கரை 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்டது. அங்கே என்ன நடந்தது என்பதை இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு ஒரு சுற்றுலா விளம்பரக்காரர் அதே கரையை வெறுமையாகவும் அழகாகவும் படம் பிடிக்கலாம். அந்த வெறுமை எப்படி வந்தது என்று அவருடைய படம் சொல்லப்போவதில்லை.

அக்காவின் மகன் எடுத்த வீடியோவை இந்த இடத்தில்தான் வேறாகப் பார்க்கிறேன். அவன் யாரையும் வெளியே தள்ளிவிட்டு அந்தக் கரைக்குப் போகவில்லை. அவனுடைய பெரியப்பா காணாமல் ஆக்கப்பட்டவர். ஒவ்வொரு மே 18 உம் எங்களோடு விளக்குக் கொளுத்த வருகிறான், கஞ்சி வாங்கிக் குடிக்கிறான். மிச்ச நாட்களில் அந்தக் கரையில் விளையாடுகிறான். இரண்டும் அவனுக்கு ஒரே ஊர். அந்த மண்ணுக்குரிய பிள்ளைகள் அங்கே சிரிக்கக்கூடாது, வெளியிலிருந்து வருபவர்கள் மட்டும் சிரிக்கலாம் என்றால், கடற்கரையை நாங்கள் இரண்டாம் தரம் இழக்கிறோம்.

அதற்காக அந்தப் பின்னூட்டத்தை எழுதியவருக்குக் கேட்க உரிமை இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கேட்டதும் அம்மா கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: இந்தக் காட்சியில் இல்லாதவர்கள் எங்கே? பிள்ளைகளின் வாயை மூடுவதற்காக இல்லாமல், அவர்கள் மறக்காமல் சிரிப்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டால் நல்லது. வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு வருடக்கணக்காக இருக்கும் தாய்மாரும் தங்களுக்குள் பகிடி சொல்லிச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிரித்த அன்றைக்கும் அவர்கள் பின்னேரம் வரை எழும்பிப் போகவில்லை.

இவ்வளவையும் அவனுக்குச் சுருக்கிச் சொன்னேன். "அப்ப திரும்பப் போடட்டா?" என்றான். "அம்மம்மாட்டக் காட்டு, அவ சொல்லட்டும்" என்றேன்.

அம்மா 2009க்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை. கைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மூன்றாம் தரம் பாதியில் நிறுத்தி, திரையில் விரலை வைத்தார்.

"எடேய், இது என்ர குடையெல்லே? உப்புத் தண்ணி பட்டால் கம்பி கறள் பிடிக்கும். கழுவித் துடைச்சு வைச்சனியோ?"