செய்தி எழுதும் மேசையில் நம் பிள்ளைகள் எங்கே?

காலையில் கடை திறந்ததும் நாளிதழைப் புரட்டுகிறீர்கள். நம் தெருவில் நடந்த சம்பவம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. கொதிக்கிறீர்கள். "பத்திரிகைக்காரர்களே இப்படித்தான்" என்று திட்டுகிறீர்கள். லுஹருக்குள் மறந்துவிடுகிறீர்கள்.

சகோதரர்களே! அந்தச் செய்தியை எழுதும் மேசைக்கு நம் வீட்டிலிருந்து யாரை அனுப்பினோம்?

பிளஸ் டூ முடிவு வந்தால் மருத்துவம், பொறியியல், இல்லாவிட்டால் கடை, அதுவும் இல்லையென்றால் வளைகுடா விசா. "பத்திரிகைத் துறைக்குப் போகிறேன்" என்று மகனோ மகளோ சொன்னால், "அதில் என்ன சம்பாதிப்பாய்?" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இது நமக்கு அந்நியமான துறையா? இல்லை. 1882-லேயே இலங்கையில் வழக்கறிஞர் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்.

இன்று வழிகள் பல உள்ளன. டெல்லியில் 1965-ல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் இருக்கிறது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் முதுநிலைப் பட்டயத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

மாணவர்களே! அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரே செய்தியை மூன்று நாளிதழ்களில் படித்து ஒப்பிடுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெருச் சாக்கடைக்கு நகராட்சி எவ்வளவு ஒதுக்கியது? 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாட்களில் பதில் தரவேண்டியது அதிகாரியின் கடமை. கிடைத்ததை இருநூறு வார்த்தைகளில் எழுதிப் பழகுங்கள்.

பெற்றோர்களே! நமக்காக வாதாட ஆள் வேண்டும் என்று மட்டும் அனுப்பாதீர்கள். நம் ஜமாஅத் கணக்கில் கோளாறு என்றாலும் விசாரித்து எழுதுபவரே பத்திரிகையாளர். அப்போது அவரைத் துரோகி என்று தூற்றாதீர்கள். அதை மறைக்காமல் எழுதியவர் என்றால்தான், நமக்கு அநீதி நடக்கும்போது அவர் எழுதுவதை ஊர் நம்பும்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. வணிகப் பெருமக்களே! கல்யாணப் பந்தலுக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். ஊருக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளக் கூடாதா?

திட்டிக்கொண்டே படிக்கப் போகிறோமா, எழுதுபவர்களை உருவாக்கப் போகிறோமா? இந்தக் கோடை விடுமுறையிலேயே முடிவெடுங்கள்!